பிளெத்தரா என்னும் பழைய நோய்

ஏப்ரல் பிறப்பதற்கு முன்பே கோத்தகிரியிலும் குன்னூரிலும் ஊட்டியிலும் தங்கும் விடுதிக்காரர்கள் புதிய விளம்பரத் தாள்களை அச்சடித்துவிடுவார்கள். அவற்றின் ஆங்கிலத்தை வாசிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. அண்மைக் காலமாக அந்தத் தாள்களில் ஒரு சொல் தவறாமல் தலைகாட்டுகிறது: பிளெத்தரா. காட்சிமுனைகள் பிளெத்தராவாக இருக்கின்றன. காலை உணவில் பதார்த்தங்கள் பிளெத்தராவாக இருக்கின்றன. குழந்தைகளுக்கான விளையாட்டுகளும் அப்படியே. எழுதியவர் 'நிறைய' என்றுதான் சொல்ல வந்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஓர் ஆங்கில மருத்துவரிடம் அந்தத் தாளைக் கொடுத்திருந்தால், நோயாளியைப் படுக்க வைக்கச் சொல்லிவிட்டுக் கத்தியையும் கிண்ணத்தையும் தேடியிருப்பார். அவருக்குப் பிளெத்தரா என்பது ஒரு நோயின் பெயர்.

நான் ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளியிலும் இச்சொல்லுக்கு நல்ல மவுசு. "மிஸ், மெனின்னு எழுதினா சின்னப் பிள்ளைங்க எழுதின மாதிரி இருக்கு. அதனாலதான் இதைப் போட்டேன்" என்று பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி விளக்கம் சொன்னாள். மே மாதத்தில் ஊட்டிக்குள் வரும் வாகனங்களைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையில் 'எ பிளெத்தரா ஆஃப் வெஹிக்கிள்ஸ்' என்று இருந்தது. அவளுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. அவளே அறியாமல் அவள் எழுதியது மிகச் சரியான பயன்பாடு. விடுதி விளம்பரத்தில் பிசகாக இருக்கும் சொல் அவள் கட்டுரையில் எப்படிச் சரியாகிறது என்பதைச் சொல்லவே இந்தப் பதிவு.

சொல்லின் பிறப்பிடம் கிரேக்கம். அம்மொழியில் 'பிளேதோஸ்' என்றால் திரள், கூட்டம். அதனோடு உறவுடைய வினைச்சொல் நிறைந்திருத்தலைக் குறிக்கும். அவற்றிலிருந்து வந்த 'பிளேதோரே' நிறைவு என்னும் நிலையைக் குறிக்கும். பிற்கால லத்தீன் அதனை மருத்துவ நூல்களின் வழியாக வாங்கிக்கொண்டது. லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது 1540களில். அப்போதும் மருத்துவச் சொல்லாகவே வந்தது. சந்தையிலோ சமையலறையிலோ எவரும் அதைப் பேசியதில்லை.

இன்னும் ஆழத்தில் போனால், இந்தோ ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரு வேர்ச்சொல் கிடைக்கிறது. நிறைத்தல் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தின் 'ஃபுல்', 'பிளென்டி', 'பிளஸ்', 'கம்ப்ளீட்' ஆகிய எல்லாம் அந்த வேரின் வழிவந்தவை. சமஸ்கிருதத்தின் 'பூர்ண' என்பதும் அதே வேருக்குரியது. அச்சொல் தமிழுக்கு வந்து பூரணம், பூரணி, பௌர்ணமி என்று பல வடிவங்களில் குடியேறிவிட்டது. விநாயகர் சதுர்த்தியன்று கொழுக்கட்டைக்குள் வைக்கும் தேங்காய்ப் பூரணத்துக்கும் பிளெத்தராவுக்கும் உறவு உண்டு என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் அந்தப் பாடம் மட்டும் அவர்களுக்கு மறப்பதில்லை. இதில் எனக்குச் சுவையாகப் படுவது வேறொன்று. ஒரே வேரிலிருந்து வந்த பூரணம் நம் பக்கத்தில் குறைவற்ற நிலையாயிற்று, தெய்வத்துக்கே அடைமொழியாயிற்று. கிரேக்க மருத்துவர்களின் கையில் அகப்பட்ட கிளையோ, நிறைவு எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லும் சொல்லாயிற்று.

அந்த மருத்துவர்களுள் இருவரை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எராசிஸ்ட்ராட்டஸ், உடலில் இரத்தம் மிகுந்துபோவதே பெரும்பாலான நோய்களுக்கு மூலம் என்று கருதினார். சிரைகளில் இரத்தமும் தமனிகளில் காற்றும் ஓடுகின்றன என்பது அவர் கொள்கை. உணவு மிகுந்து இரத்தம் பெருகிச் சிரைகள் தாங்காமல் போகும்போது அது தமனிகளுக்குள் கசிகிறது, அதனால் காய்ச்சலும் வீக்கமும் வருகின்றன என்றார். கொள்கை பிழையானது, ஆனால் அவர் சொன்ன மருத்துவம் மென்மையானது. பட்டினி போடுங்கள், வரவைக் குறைத்தால் இருப்பு தானாகக் குறையும் என்பதே அவர் வழி. இரத்தத்தை வெளியேற்றுவதை அவர் பெரும்பாலும் தவிர்த்தார். அவருக்கு நானூறு ஆண்டுகளுக்குப் பின்வந்த காலென், இதற்காகவே எராசிஸ்ட்ராட்டஸை மறுத்துத் தனி நூல் எழுதினார். மிகுந்ததை வெளியேற்றத்தான் வேண்டும், சிரையைத் திறவுங்கள் என்பது காலெனின் கட்சி. அவர் கட்சியே வென்றது. ஐரோப்பா ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறு ஆண்டுகள் அவர் சொல்லைக் கேட்டு நடந்தது.

ஆனால் காலென் வெறும் கத்திக்காரர் அல்லர். அவர் மிகையை இரண்டு வகையாகப் பிரித்தார். ஒன்று, கலத்தை வைத்து அளக்கும் மிகை: இரத்தக் குழாய்களின் கொள்ளளவுக்கு மேல் நிறைந்து அவை புடைத்து விம்மும் நிலை. மற்றொன்று, வலுவை வைத்து அளக்கும் மிகை: குழாய்களில் இடம் இருக்கும், ஆனால் உள்ளதைச் சுமக்க அந்த உடம்புக்கு ஆற்றல் இராது. ஆக, மிகை என்பது இவ்வளவு படி, இவ்வளவு அவுன்ஸ் என்று எண்ணால் சொல்லக்கூடியது அன்று. ஒருவனுக்கு அளவாக இருப்பது மற்றொருவனுக்கு மிகையாகலாம். கலமும் வலுவுமே அளவுகோல். பிளெத்தரா என்னும் சொல்லின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

தேயிலைக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பறித்த பச்சைத் தேயிலையைச் சாக்கில் தளர்வாகப் போட்டால் அது பச்சையாகவே ஆலைக்குப் போய்ச் சேரும். அதே சாக்கில் காலால் மிதித்துத் திணித்து, வண்டி வரும்வரை வெயிலில் வைத்துவிட்டால், மாலையில் சாக்கின் நடுவில் கையை விட்டதும் அடுப்பருகே வைத்ததுபோல் சுடும். பறித்த பின்னும் கொழுந்து மூச்சு விடுகிறது. அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்குகிறது. நசுங்கிய இலைகள் காற்றுபட்டுச் சிவக்கின்றன. ஆலையில் அந்த இலையைத் தனியாகக் கொட்டிக் காட்டி, "சிவந்துபோச்சுங்க, விலை போடமுடியாது" என்பார்கள். சூடு, சிவப்பு, புடைப்பு: காலென் தம் நோயாளிகளிடம் கண்ட அறிகுறிகளும் இவையே. சாக்கில் இருக்கும் இலை கெட்ட இலை அன்று. அந்தச் சாக்குக்கு அது அதிகம்.

நம் மரபும் இதே வழியில்தான் சிந்தித்தது. வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் முதற்குறளிலேயே,

மிகினும் குறையினும் நோய்செய்யும் நூலோர்
வளிமுதலா எண்ணிய மூன்று

என்று தொடங்கிவிடுகிறார். காலெனுக்கு இரத்தம், சளி, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என நான்கு. நம் நூலோருக்கு வளி, அழல், ஐயம் என மூன்று. எண்ணிக்கை வேறானாலும் கணக்கு ஒன்றே. குறளின் முதற்சொல் 'மிகினும்' என்பதைக் கவனிக்க வேண்டும்: குறைவைவிட மிகுதியை முன்னால் வைத்திருக்கிறார். அதே அதிகாரத்தில் 'தீயளவு அன்றித் தெரியான் பெரிதுண்ணின்' நோயும் அளவின்றிப் பெருகும் என்கிறார். வயிற்றுத் தீயின் அளவு என்பது காலென் சொன்ன வலுவின் அளவேயன்றி வேறில்லை. கிரேக்கத்திலிருந்து இங்கு வந்ததா, இங்கிருந்து அங்கு போனதா என்று கச்சை கட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வழக்கில் ஈடுபாடு இல்லை. உண்டு பார்த்து அவதிப்பட்ட எந்தச் சமூகமும் இந்த முடிவுக்கு வந்தே தீரும்.

பேச்சு வழக்கில் இன்றும் அந்த மருத்துவம் உயிரோடு இருக்கிறது. எதிர்த்துப் பேசும் பிள்ளையைப் பார்த்து "கொழுப்பு கூடிப்போச்சு" என்கிறோம். நிலை தடுமாறுகிறவனைப் "பித்தம் தலைக்கேறிவிட்டது" என்கிறோம். ஆங்கிலத்திலும் இரத்தம் மிகுந்தவன் உற்சாகி, கரும்பித்தம் மிகுந்தவன் வாட்டக்காரன். 'சாங்குயின்', 'மெலங்கலி' ஆகிய சொற்கள் அங்கிருந்து வந்தவையே.

குருதி வாங்கும் வழக்கம் ஐரோப்பாவில் எந்த அளவுக்குப் போயிற்று என்பதைச் சொல்ல ஓர் எடுத்துக்காட்டு போதும். அமெரிக்காவின் முதற்குடியரசுத் தலைவராக இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பர் 14 அன்று தொண்டை அடைப்பால் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். அவருடைய பண்ணை மேற்பார்வையாளரும் மருத்துவர்களுமாகச் சேர்ந்து பலமுறை அவர் கையைத் திறந்து, ஒரே நாளுக்குள் இரண்டு லிட்டருக்கும் மேல் இரத்தத்தை எடுத்தனர். அன்றிரவே அவர் இறந்தார். மருத்துவர்கள் கவனக்குறைவாக இருந்ததாக எவரும் அக்காலத்தில் குறை சொல்லியிருக்க முடியாது. பாடப் புத்தகம் சொன்னதைத்தான் அவர்கள் செய்தார்கள். 1823இல் இலண்டனில் தொடங்கப்பட்டு இன்றும் உலகப் புகழோடு வெளிவரும் மருத்துவ இதழின் பெயர் 'லான்செட்'. சிரையைத் திறக்கப் பயன்பட்ட சிறு கத்திக்கும் அதுதான் பெயர்.

கத்திக்கு அஞ்சியவர்களுக்கு அட்டை இருந்தது. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் அட்டைக்காகக் காலில் உப்பும் புகையிலையும் தடவிக்கொண்டு போவார்கள். மாலையில் காலுறையை உதறினால் கொழுத்த ஒன்றிரண்டாவது விழும். அது கடித்த இடத்தில் வலியே இராது. ஆனால் அதன் உமிழ்நீரில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால், அட்டை விழுந்த பின்னும் நெடுநேரம் கசிந்துகொண்டே இருக்கும். நாம் உதறித் தள்ளும் இந்த உயிரினத்தின் நீர்வாழ் உறவினத்தை ஐரோப்பியர் விலை கொடுத்து வாங்கினார்கள். 1833ஆம் ஆண்டில் மட்டும் பிரான்ஸ் நாடு 4 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளை இறக்குமதி செய்தது. நம் சித்த மருத்துவத்தின் புற மருத்துவ முறைகளிலும் அட்டை விடலும் குருதி வாங்கலும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும்.

இந்தப் பித்து தணியத் தொடங்கியதற்கு முக்கியக் காரணம் பாரிஸ் மருத்துவர் பியர் லூயி. நுரையீரல் அழற்சி கண்ட நோயாளிகளைக் கணக்கெடுத்து, குருதி வாங்கப்பட்டவர்கள் எந்நாளில் வாங்கப்பட்டார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எண்களாக அடுக்கி 1835இல் நூலாக வெளியிட்டார். நம்பிய அளவுக்குப் பயன் இல்லை என்பது அந்த எண்களில் தெரிந்தது. அதன் பின்னும் பழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை. மெல்ல மெல்லத்தான் மறைந்தது.

நோய்க்கொள்கை போனாலும் சொல் மருத்துவமனையை விட்டு முழுவதும் வெளியேறவில்லை. சிவப்பணுக்கள் அளவுக்கு மேல் பெருகி முகம் செம்மை பாரித்திருந்தால் இன்றும் மருத்துவர்கள் குறிப்பேட்டில் 'பிளெத்தரா' என்று எழுதுகிறார்கள்; குஷிங் நோயில் முகம் வட்டமாகிச் சிவந்திருப்பதையும் அச்சொல்லால் குறிக்கிறார்கள். சிவப்பணுப் பெருக்க நோய் ஒன்றுக்கு இன்றைய மருத்துவமே அவ்வப்போது சிரையிலிருந்து இரத்தத்தை எடுத்துவிடுகிறது என்பதைக் கேட்டால் காலென் மகிழ்ந்திருப்பார். மிக உயர்ந்த மலைகளில் நிலையாக வாழ்கிறவர்களுள் சிலருக்குக் காற்றின் அழுத்தம் குறைவாக இருப்பதை ஈடுகட்ட உடல் சிவப்பணுக்களை உண்டாக்கிக்கொண்டே போய், அதுவே நோயாகிவிடும். தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் இதனை ஆராய்ந்தவர் பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோங்கே. நம் மலைக்காரர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அந்நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் வரும். ஊட்டி 2,240 மீட்டர்தான். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவின் உச்சியில் குடியிருப்பவர் எவருமில்லை. அங்கு போகிறவர்கள் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு மக்காச்சோளம் வாங்கித் தின்று இறங்கிவிடுகிறார்கள்.

மருத்துவத்துக்கு வெளியே இச்சொல் உருவகமாகப் புழங்கத் தொடங்கியது 1700ஆம் ஆண்டை ஒட்டி. ஆனாலும் 1755இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட ஆங்கில அகராதி அதற்குக் கொடுத்த விளக்கம் முழுக்க மருத்துவ விளக்கமே: உடல்நலத்துக்கு ஏற்ற அளவைவிட நாளங்களில் நீர்மங்கள் மிகுந்திருக்கும் நிலை. அடுத்த நூற்றாண்டில் வணிகச் செய்திகளில், முதலீட்டுக்கு இடமில்லாமல் பணம் குவிந்து கிடப்பதைச் சுட்ட இச்சொல் வந்தது. அதுவும் பொருத்தமான ஆட்சியே. ஓட வேண்டியது ஓடாமல் தேங்கி விம்முவதுதானே மூலப்பொருள். இருபதாம் நூற்றாண்டில் அந்த விம்மலும் வடிந்து, 'ஏராளம்' என்ற பொருளில் எதற்கும் எழுதலாம் என்றாகிவிட்டது. இன்றைய பெரிய அகராதிகள் மிகை, ஏராளம் என்ற இரண்டு பொருளையுமே பதிவு செய்திருக்கின்றன. மிகைப்பொருளை மட்டுமே ஏற்கும் நடைக் கண்டிப்பாளர்களும் ஆங்கில உலகில் குறைவில்லை.

சொற்பொருள் மாறுவது குற்றமன்று. நம் இலக்கணப் பாடத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது. நறுமணத்தையும் குறித்த 'நாற்றம்' இன்று மூக்கைப் பொத்தவைக்கும் மணத்துக்கு மட்டும் உரியதாயிற்று, அது இழிபொருட்பேறு. கள்ளுண்டு மகிழ்வதைக் குறித்த 'களிப்பு' இன்று எந்த மகிழ்ச்சியையும் குறிக்கிறது; அது உயர்பொருட்பேறு. நோயாக இருந்து விடுதி விளம்பரத்தின் பெருமையாகிவிட்ட பிளெத்தராவை இரண்டாவது வகையில் சேர்க்கலாம். ஆகவே விளம்பரத் தாளைப் பிழை என்று அடித்துத் திருத்த என்னிடம் அதிகாரம் இல்லை. என் மனக்குறை வேறு. நிறைய என்று சொல்ல ஆங்கிலத்தில் எளிய சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. கலத்தையும் அதன் தாங்குதிறனையும் நினைவூட்டும் சொல் இது ஒன்றுதான். அதையும் அந்தக் குவியலில் போட்டுவிட்டால், அந்தக் கருத்தைச் சொல்ல வேண்டிய நாளில் கையில் சொல் இராது.

மிகுதிக்கு ஆங்கிலத்தில் உள்ள பிற சொற்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தைப் பார்க்கின்றன. அவற்றுள் நம் மலைக்கு மிக வேண்டியது 'கிளட்'. விழுங்குதல் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது அது. பெருந்தீனிக்காரனைக் குறிக்கும் 'கிளட்டன்' அதன் உடன்பிறப்பு. முதலில் வயிறு புடைக்க ஊட்டுவதைக் குறித்தது. 16ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் சந்தைக்கு வந்துவிட்டது. கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் இயந்திரங்களின் பக்கம் ஒருமுறை நின்று பார்த்தவர்களுக்கு இச்சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. மண்ணோடு வரும் கேரட்டு மூட்டைகளை உருளைக்குள் கொட்டுகிறார்கள். தண்ணீர் பீய்ச்சியடிக்க உருளை சுழல்கிறது. மறுபக்கம் ஆரஞ்சு நிறம் பளபளக்க வந்து விழுகிறது. அதைத் தரம் பிரித்துச் சாக்கில் கட்டி லாரியில் ஏற்றி மேட்டுப்பாளையத்துக்கு அனுப்புகிறார்கள். "இன்னைக்கு வரத்து எப்படிங்கண்ணா?" என்று கேட்டால் மண்டியில் நிற்பவர் முகத்தைப் பார்த்தே பதிலைச் சொல்லிவிடலாம். வரத்து கூடிய நாளில் அறுவடைக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூட விலை கட்டாது. இதற்குப் பிளெத்தரா பொருந்தாது, கிளட்தான் சொல். நெப்போலியன் போர்கள் முடிந்த பின் இங்கிலாந்தில் சரக்குகள் விற்காமல் தேங்கியபோது, எல்லாச் சரக்குகளும் ஒரே சமயத்தில் இப்படித் தேங்க முடியுமா என்று பொருளியலாளர்களான மால்தஸ் ஒரு பக்கமும் ரிக்கார்டோவும் பிரான்சின் சேயும் மறுபக்கமும் நின்று வழக்காடினார்கள். பொருளியல் வரலாற்றில் அந்த வழக்கின் பெயரே 'பொதுக் கிளட்'. முடியும் என்று 1820இல் எழுதிய மால்தஸின் பக்கம்தான் தேயிலை விலை சரிந்த 1990களின் இறுதியைக் கண்ட எந்தச் சிறு விவசாயியும் நிற்பான்.

'சர்ஃபிட்' என்பது அளவுமீறிச் செய்தல் என்னும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் திகட்டல் என்று சொன்னால் ஏறத்தாழ அதுதான். 1135இல் இங்கிலாந்தின் முதலாம் ஹென்றி, மருத்துவர் தடுத்தும் கேளாமல் விலாங்கு போன்ற லாம்ப்ரே மீனை அளவுக்கு மீறி உண்டதால் இறந்தார் என்று அக்கால வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். ஆங்கிலேயப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லோடு அந்த மீனும் மனப்பாடம். 'சூப்பர்ஃப்ளூயஸ்' கரை மீறி வழிவது. இங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றே என்னும் பொருளுடையது. 'கார்னுகோப்பியா' மட்டும் முற்றிலும் மங்கலமானது. கிரேக்கத் தெய்வமான சியூஸுக்குக் குழந்தைப் பருவத்தில் பாலூட்டிய ஆட்டின் கொம்பிலிருந்து கனியும் மலரும் வற்றாமல் கொட்டியதாகக் கதை. நமக்கு மணிமேகலையின் அமுதசுரபி. அதில் அள்ள அள்ளக் குறையாது என்பது மட்டுமன்று, பசித்தவன் கையில் போய்ச் சேருவதால் தேங்குவதும் இல்லை. விடுதிக்காரர் தம் காலை உணவைப் பற்றிச் சொல்ல விரும்பிய சொல் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது மாணவியின் வாகனங்களுக்கு வருகிறேன். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மலைகள் எத்தனை வாகனங்களைத் தாங்கும் என்று ஆராய ஐ.ஐ.டி. சென்னையும் ஐ.ஐ.எம். பெங்களூரும் பணிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல், பருவ மாதங்களில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் உச்சவரம்பு வந்தது. ஒரு நகரத்தின் மேம்பாலத்தில் 6,000 வாகனங்கள் அரை நாளில் எவர் கண்ணிலும் படாமல் கடந்துபோகும். பர்லியாறிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில் அதே எண்ணிக்கை வந்தால், குன்னூர் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நோயாளி வண்டியிலேயே மதியத்தைக் கழிக்க நேரும். கலத்தை வைத்து அளக்கும் மிகை அது. சாலை தாங்கினாலும் குடிநீரும் குப்பைக் கிடங்கும் தாங்குமா என்பது வலுவை வைத்து அளக்கும் மிகை. தாங்குதிறன் என்று நீதிமன்றம் கேட்டதும் காலென் கேட்டதும் ஒரே கேள்வி. வந்த பின் வெளியேற்றாமல், வரும்போதே அளவு வைத்ததால் தீர்ப்பு மட்டும் எராசிஸ்ட்ராட்டஸின் கட்சி என்று சொல்லலாம்.

வாட்டில் எனப்படும் சீகை மரத்துக்கும் இச்சொல் தகும். விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கவும் தோல் பதனிடவும் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்த மரம், தான் வந்த வேலையை முடித்த பின்னும் நிற்காமல் புல்வெளிகளின் மேல் ஏறிப் பரவிவிட்டது. பழனி மலையிலும் மன்னவனூர்ப் பக்கம் இதே காட்சிதான். கீழே முதுமலையில் உண்ணிச்செடி. தோட்ட அழகுக்காகக் கடல் கடந்து வந்த அதன் பூக்களைப் பார்த்து இன்றும் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள், அடியில் புல் முளைக்க இடமில்லாமல் மான்கள் வேறிடம் தேடுகின்றன. இவற்றைப் பற்றி எழுதும்போது 'மெனி' போதாது, 'கார்னுகோப்பியா' கூடாது. பிளெத்தராவே தக்க சொல்.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் எது என்று என்னைக் கேட்கிறார்கள். ஏராளம், தாராளம் ஆகியவை மகிழ்ச்சியான சொற்கள். உபரி என்பது கணக்குப் பிள்ளையின் சொல், அதில் வலியில்லை. வள்ளுவரின் 'மிகினும்' என்பதோடு உறவுடைய 'மிகை'யையே நான் தேர்ந்தெடுப்பேன். மிகைச் செலவு, மிகைப்படக் கூறல் என்று சொல்லும்போது அளவு ஒன்று இருந்தது, அது மீறப்பட்டது என்ற இரண்டும் அச்சொல்லில் சேர்ந்தே வருகின்றன.

எழுதுகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள் மட்டும் பாக்கி. அழுத்தம் முதல் அசையில் விழ வேண்டும். நடுவில் வரும் ஒலி 'திங்க்' என்பதன் தொடக்க ஒலி. பிளெத்தோரா என்று நடுவில் நீட்டுவது நம் பக்கத்து வழக்கம். ஆங்கிலேயர் அப்படிச் சொல்வதில்லை. உரிச்சொல் வடிவமான 'பிளெதாரிக்' என்பதில் அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர்ந்துவிடும். அதனை மருத்துவர்களைத் தவிர மற்றவர்கள் அரிதாகவே எழுதுகிறார்கள். முன்னால் 'எ' என்ற ஒருமைக் குறி வந்தாலும், பின்னால் 'ஆஃப்' சேர்ந்து பன்மைப் பெயர் வந்தால் வினையைப் பன்மையில் முடிப்பதே பெருவழக்கு. தண்ணீர், சர்க்கரை போன்று எண்ண முடியாதவற்றோடு அது ஒட்டாது. வாகனங்கள், விதிகள், கடன்கள் என்று எண்ணத்தக்கவற்றோடு சேர்த்து எழுதுவது நல்லது. 'டூ மச் பிளெத்தரா' என்றும் 'எக்செஸ் பிளெத்தரா' என்றும் விடைத்தாள்களில் பார்க்கிறேன். மிகை சொல்லுக்குள்ளேயே இருப்பதால் முன்னால் உள்ள அடைமொழியை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிட்டு மீதியை விட்டுவிடுகிறேன்.